சொல்லாததெல்லாம் நார்மல்

டாக்டர் ஒரு நாளைக்கு முப்பது வயிறு பார்ப்பார். ஒவ்வொன்றையும் பார்த்து முடித்ததும் மேசையில் கிடக்கிற சின்ன ரெக்கார்டரை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டு, ஒரு கொட்டாவிக்கு ஆகிற நேரம்கூட ஆகாமல் பேசி முடித்துவிடுவார். "நாலு. நார்மல்." "அஞ்சு. நார்மல்." "ஆறு. கல்லீரல்ல கொழுப்பு. மத்தது நார்மல்." அவ்வளவுதான். மிச்சமெல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற ரிப்போர்ட்டக்காவின் பாடு.

ரிப்போர்ட்டக்கா என்பது அந்த ஸ்கேன் சென்டரில் அவளுக்கு ஒட்டிக்கொண்ட பெயர். நாற்பத்தெட்டு வயது. அதில் இருபத்திரண்டு வருஷத்தை இந்த அறையில் கழித்திருக்கிறாள். முன்பு எக்ஸ்ரே படங்களை அடுக்கி வைத்திருந்த அறை அது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மாடிப்படியைப் பார்த்த ஒரு ஜன்னல். ஜன்னலில் போகிற வருகிறவர்களின் கால் மட்டும் தெரியும். காதில் இயர்போன், மேசைக்கு அடியில் தையல் மிஷினுக்கு இருப்பது போல ஒரு மிதி. மிதியை அழுத்தினால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் நிறுத்திவிடுவார். "அந்த மனுஷனைக் காலாலேயே வாய மூட வைக்கிற ஆளு நான் ஒருத்திதான்" என்று மற்ற பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள். டாக்டரின் சம்சாரத்துக்குக்கூட அந்த வசதி கிடையாது.

வேலை நடக்கிற விதம் இதுதான். கம்ப்யூட்டரில் 'நார்மல் ஆண்', 'நார்மல் பெண்' என்று இரண்டு கோப்புகள் தயாராக இருக்கும். ஆணுக்கு இருபத்து மூன்று வரி, பெண்ணுக்கு இருபத்து நான்கு. டாக்டர் எதையாவது குறிப்பாகச் சொன்னால் அந்த வரியை மட்டும் மாற்ற வேண்டும். ஒன்றும் சொல்லாவிட்டால் பெயரையும் வயதையும் போட்டு அப்படியே அச்சடித்துவிட வேண்டும். சொல்லாததெல்லாம் நார்மல். யாரும் எங்கேயும் எழுதி வைக்காத சட்டம் இது. ஆனால் இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாள்கூட யாரும் மீறியதில்லை.

ரிப்போர்ட் முழுக்க இங்கிலீஷில்தான் இருக்கும். அவள் படித்தது தமிழில். வயிற்றைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவளால் இங்கிலீஷில் சேர்ந்தாற்போல நாலு வரி எழுத முடியாது. ஆனால் இந்த 'நார்மல்' என்கிற ஒரு சொல்லை மட்டும் அவளிடம் கேட்க வேண்டும். படித்தவர்களுக்கு அது ஒரு சொல், அவளுக்கோ கூட்டுக் குடும்பம். கல்லீரலுக்கு நார்மல் என்றால் வீங்கவில்லை, ஓரம் வழவழப்பாக இருக்கிறது. சிறுநீரகத்துக்கு நார்மல் என்றால் இரண்டு இருக்கிறது, இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கிறது. பித்தப்பைக்கு நார்மல் என்றால் நன்றாக விரிந்திருக்கிறது, உள்ளே கல் இல்லை. மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு தடவை அகராதியைப் புரட்டி, "அஞ்சு அர்த்தம் போட்டிருக்கும்மா" என்று பெருமையாகச் சொன்னாள். "அஞ்சுதானா?" என்று கேட்டுவிட்டு இவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

சென்டருக்கு வெளியிலும் அந்தச் சொல் அவளை விட்டபாடில்லை. மகள் பிறந்ததே நார்மல்தான். அந்த நார்மலுக்கு இவள் பதினாறு மணி நேரம் கத்தினாள். மேனேஜர் காலையில் வந்து "எல்லாரும் நார்மலா இருங்க" என்றால் முதலாளி வருகிறார் என்று அர்த்தம். எதிர்வீட்டுக்காரி யாரையாவது பற்றிக் குரலைத் தாழ்த்தி "அவ நார்மலே இல்ல" என்றால், நேற்று அவளோடு சண்டை போட்டிருக்கிறாள் என்று அர்த்தம். வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போது "இன்னைக்கு எப்படிங்க?" என்று கேட்டால் "நார்மல்" என்பார். இரண்டு மணி நேரம் வழியில் மாட்டிக்கொண்டது, கண்டக்டரோடு மனஸ்தாபம், ஒரு டயர் போனது எல்லாம் அதற்குள் அடக்கம். மறுநாள் கண்டக்டரின் மனைவி போன் பண்ணும்போதுதான் விவரம் தெரியும்.

அப்படிப்பட்ட மனுஷர், தன் வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நார்மல் என்று சொல்லவில்லை. சாப்பிட்டு அரை மணி நேரம் ஆனதும் வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்றார். இரண்டு வருஷத்துக்கு முன் அதற்காக இதே சென்டரில் ஸ்கேன் எடுத்தார்கள். இருபத்து மூன்று வரியும் நார்மல். இவள்தான் டைப் அடித்தாள்.

அதற்கப்புறம் அந்த வலியை வீட்டில் யாரும் சீந்தவில்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்து அவர் விலாவைப் பிடித்துக்கொண்டால், "அப்பாவோட எட்டு மணி செய்தி ஆரம்பிச்சாச்சு" என்பாள் மகள். ரிப்போர்ட்டக்காவும் விடமாட்டாள். "ஒண்ணுமில்லன்னு என் கையாலேயே அடிச்சேங்க. ஊர்ல உள்ளவங்கல்லாம் அத நம்பி வீட்டுக்குப் போறாங்க, நீங்க மட்டும் நம்ப மாட்டேங்கறீங்க" என்பாள். அவருடைய வலிக்கும் அவளுடைய இருபத்து மூன்று வரிக்கும் நடுவே இரண்டு வருஷம் வழக்கு நடந்தது. ஒவ்வொரு தடவையும் வரிகளே ஜெயித்தன. கடைசியில் அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். சாப்பிட்டதும் எழுந்துபோய் பால்கனியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். காற்று வாங்குகிறார் என்று நினைத்தாள். சாப்பாட்டின் அளவையும் குறைத்துக்கொண்டார். தன் சமையல் பிடிக்காமல் போய்விட்டது என்று அதற்காக ஒரு மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த நிலையில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்த வாட்ச்மேன் வந்தார்.

ஐம்பது வயதிருக்கும். மீசை முகத்தில் பாதி இடத்தை எடுத்துக்கொண்டிருந்தது, குரல் மட்டும் மீசைக்குச் சம்பந்தமில்லாமல் மெலிந்து வந்தது. பிளாஸ்டிக் உறையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து, பூனைக்குட்டியைக் கீழே விடுவது போல மேசையில் வைத்தார்.

"அம்மா, ஒரு கிடங்குல கேட்டுல நிக்கிற வேலைக்குச் சொல்லியிருக்காங்க. உடம்பு நல்லா இருக்குன்னு பேப்பர் கேட்டாங்க. இதக் குடுத்தேன். இது பொம்பளையோட ரிப்போர்ட், உங்களோடதக் கொண்டாங்கன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க."

"பொம்பளையோடதா?"

"எனக்குக் கர்ப்பப்பை நல்லா இருக்காம்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாங்கிப் பார்த்தாள். பெயர் அவருடையது, வயது அவருடையது. கடைசிக்கு முந்தின வரியில் கர்ப்பப்பை: நார்மல். அதற்கடுத்த வரியைத் தன்னையறியாமல் தமிழில் வாய்விட்டே படித்துவிட்டாள். சினைப்பைகள் இரண்டும்: நார்மல்.

"இன்னும் ரெண்டு வேற இருக்கா?" என்றார் வாட்ச்மேன், எட்டிப் பார்த்து.

எப்படி நடந்தது என்று அவளுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. அவர் போன சனிக்கிழமையின் பதினேழாம் நம்பர். பத்திலிருந்து பதினாறு வரை வரிசையாக ஏழு பெண்கள். பெண் கோப்பை மூடாமலேயே பெயரை மட்டும் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டு போனதில் பதினேழும் அதோடு போய்விட்டது. டாக்டரும் கட்டாக வந்த தாள்களில் மூலையில் மட்டும் கையெழுத்தைப் போட்டுத் தள்ளிவிட்டார்.

"மன்னிச்சுக்கங்க சார். டைப்பிங்ல தப்பு நடந்திருச்சு. உக்காருங்க, மூணே நிமிஷம்" என்று சொல்லி, ஆண் கோப்பைத் திறந்து பெயரைப் போட்டு அச்சடித்தாள். சொன்னபடி மூன்றே நிமிஷம். அதற்குள் மேனேஜர் மோப்பம் பிடித்து வந்து நின்றார். முதலாளியின் மருமகன், முப்பது வயது. யாராவது குரலை உயர்த்துவதற்கு முன்பே சிரித்துவிடுகிற பழக்கம் அவருக்கு.

வாட்ச்மேன் புதுத் தாளை வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவர் போகவில்லை. பழைய தாளையும் புதுத் தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை ஓட்டி வரி வரியாக ஒப்பிட ஆரம்பித்தார். இங்கிலீஷ் தெரியாதுதான். ஆனால் பத்தொன்பது வருஷம் கேட்டில் நின்று, சீட்டில் உள்ள வண்டி நம்பரும் வண்டியில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று பார்த்தே பிழைத்தவர். எழுத்தின் உருவம் போதும் அவருக்கு.

"கர்ப்பப்பை போயிடுச்சு. சரி. அந்த இடத்துல புதுசா ஒண்ணு வந்திருக்கே, இது என்ன?"

"அது புராஸ்டேட் சார்" என்றாள். "ஆம்பளைங்களுக்கு இருக்கிறது. நார்மலாத்தான் இருக்கு."

"யாரு பாத்தா?"

"டாக்டர்தான்" என்றார் மேனேஜர், சிரித்துக்கொண்டே.

"எப்போ பாத்தாரு? இந்த மூணு நிமிஷமும் நான் இந்த நாற்காலியிலதான உக்காந்திருந்தேன்."

"இல்ல சார், அன்னைக்கே பாத்துட்டாரு."

"அன்னைக்கே பாத்திருந்தா கர்ப்பப்பை இல்லன்னும் தெரிஞ்சிருக்கணுமே."

மேனேஜர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். வாட்ச்மேன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருக்கலாம். அவர் விரலை அந்த இரண்டு தாள்களின் மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை ஓட்டினார். மற்ற வரிகளெல்லாம் இரண்டிலும் ஒன்றுபோல இருந்தன.

"அப்போ மத்த வரியெல்லாம் யாருது?"

அவர் கேட்டது மேனேஜரைப் பார்த்து அல்ல, அவளைப் பார்த்து.

"எனக்கு இந்த வேலை கட்டாயம் வேணும்மா" என்றார் அவர். "வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். ஆனா யோசிச்சுப் பாருங்க, கேட்டுல நின்னு வர்றவன் போறவன் பேப்பரெல்லாம் சரியான்னு பாக்கிறதுதான் என் வேலை. உள்ள போறதுக்கு நான் காட்டின பேப்பரே யாரோடதோன்னா, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அடுத்தவன் பேப்பரைக் கேப்பேன்? என் வயித்த யாராச்சும் பாத்துட்டுச் சொல்லுங்க. அது வரைக்கும் அங்க உக்காந்திருக்கேன்." வெளியே பெஞ்சில் போய், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஆள் பக்கத்திலிருப்பவர்களிடம் கர்ப்பப்பைக் கதையைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கால்மணி நேரத்தில் ஒரு கடிதம் தயாராகி அவள் மேசைக்கு வந்தது. அதில் இரண்டே வாக்கியம். ஒன்று, மேற்படி பிழை தட்டச்சு செய்தவரின் கவனக்குறைவால் நேர்ந்தது. இரண்டு, மற்ற எல்லா விவரங்களும் டாக்டர் தனித்தனியாகப் பார்த்துச் சொல்லித் தட்டச்சு செய்யப்பட்டவை. கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க அக்கா. அந்த ஆளுகிட்ட காட்டி அனுப்பிடலாம். இல்லன்னா முதலாளி வேற ஆள் பாக்கச் சொல்லிடுவாரு. நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

முதல் வாக்கியத்தில் அவளுக்கு ஒரு சங்கடமும் இல்லை. தப்பு அவளுடையதுதான். இரண்டாவதைப் படித்துவிட்டு இயர்போனை மாட்டி, சனிக்கிழமைப் பதிவைத் தேடி, மிதியை அழுத்தினாள். "பதினேழு. நார்மல்." அவ்வளவுதான். பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. நாலு வினாடி. மறுபடியும் அழுத்தினாள். எட்டு தடவை கேட்டாள். எட்டு தடவையும் டாக்டர் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். சாப்பிடப் பிடிக்கவில்லை. மூடியை ஒரு கையில் வைத்துக்கொண்டே, எதற்கென்று தனக்கே தெளிவாகத் தெரியாமல், வீட்டுக்காரரின் பெயரைக் கம்ப்யூட்டரில் தேடினாள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ரிப்போர்ட் வந்தது. கர்ப்பப்பை இல்லை, கோப்பு சரியான கோப்புதான். ஒரு நிம்மதி. மேலிருந்து வரி வரியாக, வாட்ச்மேனைப் போல விரலை ஓட்டிக்கொண்டு வந்தாள். ஆறாவது வரி. பித்தப்பை: நன்றாக விரிந்துள்ளது. உள்ளே கல் இல்லை.

விரல் அங்கேயே நின்றுவிட்டது.

வயிற்று ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும். சுருங்கின பைக்குள் கல் இருந்தாலும் சரியாகத் தெரியாது. இது வரவேற்பு மேசையில் சீட்டு வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். சீட்டிலேயே அச்சடித்திருக்கிறது, அச்சடித்தவளும் அவள்தான். ஸ்கேன் எடுத்த அன்றைக்கு வீட்டுக்காரர் காலை டூட்டி முடித்து, பசியோடு நேராக இங்கே வந்தார். ஊழியர் குடும்பத்தை மத்தியானத்துக்கு மேல்தான் கூப்பிடுவார்கள் என்று உட்கார வைத்தார்கள். முகம் வாடிக் கிடக்கிறாரே என்று இந்த அறைக்கே கூட்டி வந்து, இதே டப்பாவிலிருந்து பாதிச் சாப்பாட்டைப் போட்டுக் கொடுத்தாள். அவர் வேண்டாம் என்றுகூடச் சொன்னார். "சும்மா சாப்பிடுங்க, என்ன ஆயிடப் போகுது" என்றாள். ஒரு மணி நேரம் கழித்து இயர்போனில் "நார்மல்" என்று கேட்டது. தன் கையால் சோறு போட்டு நிரப்பின வயிற்றைப் பற்றி, பித்தப்பை நன்றாக விரிந்துள்ளது என்று அதே கையால் அடித்தாள்.

டாக்டருக்காவது அவர் சாப்பிட்டது தெரியாது. அவளுக்குத் தெரியும்.

பால்கனியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற முதுகு கண் முன்னால் வந்தது. எட்டு மணி செய்தி என்று மகள் சொன்னபோது கூடச் சேர்ந்து சிரித்தது ஞாபகம் வந்தது. சிரித்ததை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை. டப்பாவை மூடிவிட்டு, ஜன்னலில் போகிற கால்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போனாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அறைக்குள் அவள் போனது பத்துத் தடவைகூட இருக்காது. அவளுக்கு டாக்டர் என்றால் ஒரு குரல். நேரில் பார்த்தால் குரலைவிட வயதானவராக இருந்தார்.

"என்னம்மா, கையெழுத்துப் போட்டாச்சா?"

"ரெண்டாவது வாக்கியம் உண்மையில்ல டாக்டர். தனித்தனியா நீங்க எதுவும் சொல்லல. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னீங்க. மிச்சத்த நான் போட்டேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் நார்மல்னு சொல்றேன். பாக்காமச் சொல்வேனா?"

"பதினேழாம் நம்பருக்குக் கர்ப்பப்பையும் பாத்தீங்களா டாக்டர்?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னதைத் திரும்ப உள்ளே போட முடியாது. டாக்டரின் முகம் சிவந்தது. கையெழுத்து அவருடையதுதானே. கண்ணாடியைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். அழுக்கு அதற்கு முன்பே போய்விட்டிருந்தது.

"இருபது வருஷமா இத ஏன் நீ கேக்கல?" என்றார் கடைசியில்.

"நீங்க பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன். நீங்களும் ரிப்போர்ட்ட ஒரு தடவை படிச்சுப் பாத்துத்தான் கையெழுத்துப் போடறீங்கன்னு நெனச்சேன்."

"நீ சரியா அடிச்சிருப்பேன்னு நெனச்சேன்" என்றார் டாக்டர்.

பிறகு அவர் கடிதத்தை வாங்கி, மடித்து, குப்பைக்கூடையில் போட்டார். "அந்த ஆள நாளைக்குக் காலைல வெறும் வயித்தோட வரச் சொல்லு. முதல் ஆளாப் பாத்துடறேன். நீயும் உள்ள வா."

புதன்கிழமை காலை வாட்ச்மேன் சட்டையைத் தூக்கிக்கொண்டு படுத்தார். டாக்டர் வயிற்றில் பசையைத் தடவி, கருவியை நகர்த்தி, ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னார். பழக்கமில்லாததால் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிறவர் போல இருந்தது. "கல்லீரல் நார்மல். அளவு நார்மல். பித்தப்பை நல்லா விரிஞ்சிருக்கு. கல் இல்ல." அவள் பக்கத்தில் நின்று ஒரு நோட்டில் எழுதினாள். வாட்ச்மேன் தலையைத் தூக்கித் தூக்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கணையத்துக்கு வந்ததும் டாக்டர் கருவியை அழுத்தினார், சாய்த்தார், ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்.

"வால் பகுதி தெரியல. குடல்ல வாயு மறைக்குது."

"தெரியலன்னே எழுதவா டாக்டர்?"

அந்த வரி இருபத்திரண்டு வருஷமாக நார்மலாகவே இருந்து வந்தது. டாக்டர் ஒரு கணம் யோசித்தார். "எழுதும்மா."

அவ்வளவு பாடுபட்டும் முடிவில் வந்த ரிப்போர்ட் கோப்பில் இருந்ததுதான், எழுத்துக்கு எழுத்து. அந்த ஒரு வரி மட்டும் வேறு. வாட்ச்மேன் பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்து, அந்த வரியில் விரலை வைத்தார். அவள் படித்துச் சொன்னாள்: கணையத்தின் வால் பகுதி வாயு மறைத்ததால் முழுமையாகத் தெரியவில்லை.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இப்ப நம்பறேம்மா" என்றார். தாளை உறையில் போட்டுக்கொண்டு, டாக்டருக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனார். கிடங்குக்காரர்களும் ஒரு கேள்வி கேட்கவில்லை. மேனேஜர் மட்டும், இப்படி ஒவ்வொருத்தருக்கும் பாடம் படித்தால் ஒரு நாளைக்குப் பத்து வயிறுதான் தேறும் என்று நாள் முழுவதும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றும்போது அவள் பக்கத்தில் போய் நின்றாள். "நாளைக்கு லீவு சொல்லிடுங்க. காலைல எதுவும் சாப்பிட வேணாம். என்கூட வாங்க, திரும்ப ஸ்கேன் எடுக்கணும்."

"எதுக்கு? அதான் நார்மல்னு நீயே அடிச்சியே."

"நான் அடிச்சேன். அதனாலதான்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். போனை எடுத்து டிப்போவுக்கு லீவு சொன்னார்.

வியாழக்கிழமை டாக்டர் பாடத்தில் கொஞ்சம் தேறியிருந்தார். "கல்லீரல் நார்மல்" என்றார். கருவியை விலாவுக்குக் கீழே கொண்டுபோனார். நிறுத்தினார். திரையில் கறுப்பான ஒரு பைக்குள் வெள்ளையாக மூன்று பொட்டுகள் தெரிந்தன. அவளுக்கு டாக்டர் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் சொல்கிற வரைக்கும் பேனாவை நோட்டில் வைக்காமல் காத்திருந்தாள்.

"பித்தப்பைல கல்லு. மூணு. பெருசு பன்னெண்டு மில்லிமீட்டர்" என்றார் டாக்டர். "எடுத்துடலாம், பயப்பட ஒண்ணுமில்ல. எத்தன நாளா வலிக்குது?"

வீட்டுக்காரர் படுத்தபடியே தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார்.

"இப்பத்தான் டாக்டர், ஒரு ரெண்டு மூணு வாரமா. அதுக்கு முன்னாடி நார்மல்தான்."

அவள் வேலை பார்க்கிற இடத்தில், அவளுடைய டாக்டர் முன்னால், அவளை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் சொன்ன பொய் அது. அவளுக்கு அது புரிந்தது.

"இல்ல டாக்டர்" என்றாள். "ரெண்டு வருஷமா வலிக்குது. தினமும் சொன்னாரு. நான்தான் காதுலயே போட்டுக்கல. அன்னைக்கு ஸ்கேனுக்கு முன்னாடி சாப்பாடு போட்டதும் நான்தான், பை விரிஞ்சிருக்குன்னு அடிச்சதும் நான்தான்."

டாக்டர் இரண்டு பேரையும் பார்த்தார். தானும் அன்றைக்கு 'சாப்பிட்டீங்களா' என்று கேட்டிருக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். பிறகு ரெக்கார்டரை எடுத்து, பழக்கமில்லாத நீளத்துக்கு, இரண்டு நிமிஷம் பேசினார்.

வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு அவளுடைய அறைக்கு வந்து, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் கோப்பைத் திறக்கவில்லை. வெறும் தாளில் முதலிலிருந்து அடிக்க உட்கார்ந்தாள்.

"இது என்ன, தையல் மிஷினா?" என்று மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"அத மிதிச்சா டாக்டர் பேசுவாரு."

"நான் கேக்கலாமா?"

இயர்போனைக் கழற்றி அவர் காதில் மாட்டிவிட்டாள். பஸ்ஸின் பெடலை மிதித்துப் பழகின கால், பதமாக அழுத்தியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நிறுத்தினார். பின்னால் எப்படிப் போவது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கல் வருகிற இடத்தை மறுபடியும் போட்டுக் கேட்டார். இன்னொரு தடவையும் கேட்டார். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்வார், சொல்லட்டும் என்று அவள் காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. முகத்தில் ஒரு பெரிய நிம்மதி மட்டும் இருந்தது. தன் வலி பொய்யில்லை என்று வேறொருவர் வாயால் கேட்கிறவரின் நிம்மதி. அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் அவள் திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மன்னிச்சுக்கங்க."

அவர் மிதியிலிருந்து காலை எடுத்தார். டாக்டர் பாதியில் நின்றார். இயர்போனையும் கழற்றி மேசையில் வைத்தார்.

"என்ன சொன்னே? காதுல விழல."

அவள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டு, அவர் முகத்தைப் பார்த்து, இந்தத் தடவை எதற்கென்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.